நுண்ணலை அடுப்பு: பாதுகாப்பாகப் பயன்படுத்தலும் தூய்மை செய்தலும்

ஒரு காலத்தில் நகரத்து உணவு விடுதிகளில் மட்டுமே காணப்பட்ட ‘மைக்ரோவேவ் ஓவன்’ எனப்படும் நுண்ணலை அடுப்பு, இன்று சிற்றூர் வீடுகளுக்கும் வந்துவிட்டது. மகளின் திருமணச் சீரில் ஒன்றாகவோ, வெளியூரில் பணிபுரியும் மகன் வாங்கி அனுப்பிய பொருளாகவோ அது வந்து சேர்கிறது. ஆனால் அதனுடன் வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், பலர் அதைப் படிக்காமலேயே அடுப்பை இயக்கத் தொடங்கிவிடுகின்றனர்.

பயிர்த்தொழிலைக் கற்பிக்கும் நான் சமையல் அடுப்பைப் பற்றி எழுத முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. என் தாயாருக்கு இத்தகைய அடுப்பு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லூரிக்குச் சென்றுவிட்டேன். அவர் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்து நான்கு நிமிடம் சூடாக்கியிருக்கிறார். தண்ணீரில் ஒரு குமிழி கூட எழவில்லை. சூடேறவில்லை போலும் என்று எண்ணி, கையில் எடுத்துக் காப்பித் தூளைப் போட்ட மறுகணமே தண்ணீர் முழுவதும் பொங்கிச் சீறி அவர் மணிக்கட்டின்மேல் கொட்டிவிட்டது. புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று. அடுப்பில் எந்தப் பழுதும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட பிழை என்னுடையதே. அந்தப் பிழை தங்கள் இல்லத்தில் நேரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

அடுப்பு வந்த கதை

அமெரிக்காவில் ரேதியான் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய பெர்சி ஸ்பென்சர் என்னும் பொறியாளர், ரேடார் கருவிக்கான மாக்னட்ரான் குழாயின் அருகில் நின்றிருந்தபோது தம் சட்டைப் பையிலிருந்த மிட்டாய் உருகியிருப்பதைக் கண்டார். இது 1945 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. 1947 இல் முதல் அடுப்பு விற்பனைக்கு வந்தது. அது ஏறக்குறைய ஓர் ஆள் உயரமும், சுமார் 340 கிலோ எடையும் கொண்டிருந்தது. வீட்டு மேடைமேல் வைக்கத்தக்க சிறிய அடுப்பு 1967 இல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது.

உணவு எவ்வாறு சூடேறுகிறது?

விறகடுப்பிலும் எரிவாயு அடுப்பிலும் முதலில் பாத்திரம் சூடேறுகிறது; பிறகு பாத்திரத்திலிருந்து உணவுக்கு வெப்பம் செல்கிறது. நுண்ணலை அடுப்பில் நடப்பது வேறு. மாக்னட்ரான் குழாயிலிருந்து வெளிப்படும் நுண்ணலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை நேரடியாக அசைக்கின்றன. அலையின் திசை விநாடிக்கு 245 கோடி முறை மாறி மாறி வருவதால், நீர் மூலக்கூறுகள் அதற்கேற்பத் திரும்ப முயன்று ஒன்றோடொன்று உரசி வெப்பம் உண்டாகிறது. எனவே ஈரமுள்ள பொருள் விரைவில் சூடாகும். காய்ந்த பொருள் மெல்லச் சூடாகும்.

இங்கு இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ள வேண்டும். முதலாவது, நுண்ணலைகள் உணவினுள் சுமார் 2 முதல் 3 செ.மீ. ஆழம் வரையே நன்கு ஊடுருவும். அதற்கும் உள்ளே இருக்கும் பகுதி, வெளிப்புறச் சூடு மெல்லப் பரவுவதனாலேயே வேகிறது. இரண்டாவது, அடுப்பினுள் அலைகள் எல்லா இடத்திலும் சமமாக விழுவதில்லை. ஆகவேதான் கண்ணாடித் தட்டு சுழலும்படி அமைக்கப்பட்டுள்ளது. அப்படியும் குழம்பின் ஓரம் கொதிக்கும்போது நடுப்பகுதி ஆறியே இருக்கலாம். பாதி நேரத்தில் அடுப்பை நிறுத்திக் கிளறிவிடுவதும், நேரம் முடிந்தபின் இரண்டு நிமிடம் அப்படியே வைத்திருந்து எடுப்பதும் இக்காரணம் பற்றியே.

மின் இணைப்பு

மோட்டார் கொட்டகையில் ‘எர்த்’ எனப்படும் நில இணைப்பு சரியில்லையென்றால் என்ன ஆகும் என்பது உழவர் பெருமக்கள் நன்கு அறிந்ததே. நுண்ணலை அடுப்பின் வெளிக்கூடு இரும்புத் தகட்டால் ஆனது. ஆகவே இதற்கும் நில இணைப்பு இன்றியமையாதது.

1. நில இணைப்புள்ள மூன்று துளைச் செருகுவாயில் மட்டுமே பொருத்த வேண்டும். மூன்றாவது முனையை விட்டுவிட்டு இரண்டு முனைகளை மட்டும் இணைப்பது உயிருக்கு உலை வைக்கும் செயலாகும்.

2. 800 வாட் வெப்பத் திறனுள்ள அடுப்பு, மின் கம்பியிலிருந்து சுமார் 1200 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். எனவே விளக்கு, விசிறிக்கான சிறிய செருகுவாய் இதற்கு ஏற்றதன்று. 16 ஆம்பியர் தாங்கும் செருகுவாயில் தனியாக இணைக்க வேண்டும். மெல்லிய நீட்டிப்புக் கம்பிகளைப் பயன்படுத்தக் கூடாது.

3. அடுப்பின் பின்புறத்திலும் பக்கங்களிலும் மேற்புறத்திலும் கையேட்டில் கண்டவாறு இடைவெளி விட வேண்டும். காற்றுத் துளைகளைத் துணியாலோ செய்தித்தாளாலோ மூடக் கூடாது.

4. கிராமங்களில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் குறைவது உண்டு. அப்போது அடுப்பின் திறனும் குறையும். வழக்கமான நேரத்தில் உணவு சூடாகாது. மின்னழுத்தம் மிகவும் ஏறி இறங்கும் இடங்களில், அடுப்பு எடுக்கும் மின்சாரத்தைத் தாங்கவல்ல மின்னழுத்தச் சீராக்கியைப் பொருத்துவது நலம். இடி, மின்னலின்போது செருகியைக் கழற்றிவிடுக.

எந்தப் பாத்திரம் ஏற்றது?

நம் சமையலறையில் பெரும்பாலும் இருப்பவை எவர்சில்வர், அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களே. இவை எதையும் நுண்ணலையில் சூடாக்கும்போது உள்ளே வைக்கலாகாது. உலோகம் நுண்ணலைகளைத் திருப்பி எறிந்துவிடும். கூரிய விளிம்புகளில் தீப்பொறி பறக்கும். கரண்டியை மறந்து உள்ளே வைத்துவிடுதல், பொன் விளிம்பிட்ட பீங்கான் கோப்பை, உணவுப் பொட்டலத்தின் வெள்ளித்தாள் ஆகியவையும் இவ்வகையே.

வெப்பம் தாங்கும் கண்ணாடி, உலோகப் பூவேலை இல்லாத பீங்கான், நுண்ணலைக்கு ஏற்றது என்று குறியிடப்பட்ட பிளாஸ்டிக் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். தயிர் வாங்கிய டப்பா, கடையில் சாம்பார் கட்டித் தரும் பை, மெலமைன் தட்டு ஆகியவை ஏற்றவையல்ல. மண்சட்டி நீரை உறிஞ்சியிருக்கும்; ஆதலால் சட்டியே கொதித்து, விரிந்து உடையக்கூடும்.

ஒரு பாத்திரம் ஏற்றதா என்று ஐயம் எழுந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. உலோகம் கலவாத அந்தப் பாத்திரத்தை வெறுமையாக உள்ளே வைத்து, அதன் அருகில் ஒரு கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் வைக்கவும். ஒரு நிமிடம் இயக்கவும். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் அது ஏற்றது. பாத்திரமே சூடாகியிருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும். தண்ணீர்க் கோப்பை இல்லாமல் இச்சோதனையைச் செய்யக் கூடாது. உள்ளே எதுவும் இன்றி அடுப்பை இயக்கினால், உறிஞ்சப்படாத அலைகள் திரும்பி வந்து மாக்னட்ரானையே கெடுத்துவிடும்.

கொதிக்காமல் கொதிக்கும் நீர்

என் தாயாருக்கு நேர்ந்தது எதனால் என்பதைச் சற்று விளக்க வேண்டும். அடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடிப்பகுதி சூடேறும்போது, அங்குள்ள நுண்ணிய கீறல்களில் ஆவிக் குமிழிகள் தோன்றி மேலெழும். வழவழப்பான கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரை நுண்ணலையில் சூடாக்கும்போது, குமிழி தோன்ற ஓர் இடம் கிடைப்பதில்லை. ஆகவே நீர் 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் அமைதியாக நிற்கும். ஒரு கரண்டியோ, சர்க்கரையோ, தூளோ பட்டதும், அல்லது தம்ளர் குலுங்கியதும், அடங்கியிருந்த ஆவி அனைத்தும் ஒரே கணத்தில் வெளிப்படும்.

இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டுவன:

1. தண்ணீரைத் தேவைக்கு மேல் நேரம் வைத்துச் சூடாக்காதீர்கள். ஒரு தம்ளர் நீருக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் பெரும்பாலும் போதும்.

2. சூடாக்குமுன் ஒரு மரக் கரண்டியையோ மரக் குச்சியையோ தண்ணீரில் போட்டு வையுங்கள். அதன் சொரசொரப்பில் குமிழிகள் எழும்.

3. நேரம் முடிந்தவுடன் எடுக்காமல் ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். முகத்தை விலக்கிக் கொண்டு கதவைத் திறவுங்கள்.

4. ஒரு முறை சூடாக்கிய நீரை மீண்டும் மீண்டும் சூடாக்க வேண்டாம்.

தவறிச் சுட்டுக்கொண்டால், வளையல், மோதிரம் ஆகியவற்றை உடனே கழற்றிவிட்டு, சுட்ட இடத்தைக் குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். மாவு, மை, பற்பசை, பனிக்கட்டி எதையும் வைக்கலாகாது. தூய துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சூடாக்கக் கூடாதவை

முட்டையை ஓட்டுடன் வைத்தால் உள்ளே ஆவி அடைபட்டு வெடித்துவிடும். ஏற்கெனவே அவித்து உரித்த முட்டையும் வெடிக்கும். கையில் எடுத்துக் கடிக்கும்போது வெடித்து வாயைப் புண்ணாக்கியதும் உண்டு. உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், தக்காளி போன்ற தோலுள்ளவற்றை முள் கரண்டியால் பல இடங்களில் குத்திய பிறகே வைக்க வேண்டும். மூடி இறுகிய புட்டிகளை வைக்கவே கூடாது. எண்ணெயில் பொரிக்கும் வேலைக்கு இது ஏற்றதன்று. எண்ணெயின் சூட்டைக் கட்டுப்படுத்த இயலாது.

குழந்தைக்கான பாற்புட்டியை இதில் சூடாக்க வேண்டாம். புட்டியின் வெளிப்புறம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே பாலின் ஒரு பகுதி கொதிநிலையை எட்டியிருக்கலாம். அது குழந்தையின் வாயையும் தொண்டையையும் சுட்டுவிடும். புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வைத்துச் சூடாக்கும் பழைய முறையே சிறந்தது.

மீந்த உணவைச் சூடாக்கும்போது ஆவி பறக்கும் அளவுக்கு முழுவதும் சூடாக்குக. ஆயினும், இரவு முழுவதும் வெளியில் கிடந்த சோற்றில் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை என்பதை மறக்க வேண்டாம்.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்றுப் புகுந்து தீ வளரும். அடுப்பை நிறுத்தி, செருகியைக் கழற்றி, தீ தானே அணையும்வரை கதவை மூடியே வையுங்கள்.

தூய்மை செய்யும் முறை

உழவுக் கருவியைச் சேறு போகக் கழுவி வைப்பது போலவே, இந்த அடுப்பையும் அழுக்கின்றி வைக்க வேண்டும். காரணம் அழகு மட்டுமன்று. சுவரில் தெறித்து ஒட்டிய குழம்பும் நெய்யும் ஒவ்வொரு முறையும் நுண்ணலையை உறிஞ்சி மேலும் மேலும் சூடாகிக் கரியாகின்றன. கரிந்த இடத்தில் பிறகு தீப்பொறி எழும். கதவின் விளிம்பில் அழுக்குப் படிந்தால் கதவு சரியாகப் பொருந்தாது.

அன்றாடம்: அடுப்பு ஆறியபின், தெறித்தவற்றை ஈரத் துணியால் துடைத்துவிடுக. உணவைத் துளையுள்ள மூடியால் மூடிச் சூடாக்கினால் இவ்வேலை பாதியாகும்.

வாரம் ஒரு முறை:

1. அகன்ற கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் போடவும். எலுமிச்சை இல்லாவிடில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் போதும். ஒரு மரக் கரண்டியையும் அதில் இடவும்.

2. மூன்று நிமிடம் சூடாக்கி, கதவைத் திறக்காமல் ஐந்து நிமிடம் விட்டுவைக்கவும். ஆவி சுவரெங்கும் படிந்து அழுக்கை ஊற வைக்கும்.

3. செருகியைக் கழற்றிய பின், கிண்ணத்தை எச்சரிக்கையுடன் எடுத்துவிட்டு, மென்மையான துணியால் மேற்சுவர், பக்கச் சுவர், அடித்தளம் என்ற வரிசையில் துடைக்கவும்.

4. சுழலும் கண்ணாடித் தட்டையும் அதன் கீழுள்ள உருளை வளையத்தையும் எடுத்துச் சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்த்திப் பொருத்தவும். சூடான தட்டைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விடும்.

5. கதவின் உட்புறத்தையும் விளிம்பையும் துடைத்து, சற்று நேரம் கதவைத் திறந்து வைத்து உலரவிடுக. வாடை இருந்தால் ஒரு கிண்ணத்தில் ஆப்பசோடாவை இரவு முழுவதும் உள்ளே வைத்துக் காலையில் எடுத்துவிடவும். எடுக்க மறந்து அடுப்பை இயக்கிவிடாதீர்கள்.

செய்யக் கூடாதவை: கம்பி நார், சாம்பல், சொரசொரப்பான துலக்கும் தூள் ஆகியவற்றால் தேய்த்தால் உட்பூச்சு உரிந்து துருப்பிடிக்கும். தண்ணீரை நேரடியாக ஊற்றுவதும், காற்றுத் துளைகளில் ஈரம் புக விடுவதும் தவறு. எறும்பும் கரப்பானும் வருகின்றன என்று பூச்சிக்கொல்லியை அடுப்பினுள்ளோ துளைகளிலோ தெளிக்கக் கூடாது. உட்சுவரில் அட்டை போன்று ஒரு மைக்காத் தகடு இருக்கும். அதை உரித்து எடுத்துவிடாமல், மெல்லத் துடைக்க வேண்டும். அது கரிந்து ஓட்டை விழுந்திருந்தால் தேர்ந்த பணியாளரைக் கொண்டு புதிது மாற்ற வேண்டும்.

மேற்கூட்டைக் கழற்றாதீர்கள்

பம்புசெட்டைத் தாமே பிரித்துப் பழுது பார்க்கும் திறன் படைத்த உழவர்கள் பலர் உளர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நுண்ணலை அடுப்பின் மேற்கூட்டை மட்டும் கழற்றாதீர்கள். உள்ளே 2000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உருவாகிறது. அதிலுள்ள மின்தேக்கி, செருகியைக் கழற்றிய பின்னும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். தொட்டவரின் உயிரை அது பறித்துவிடும். கதவு கோணிப்போயிருந்தாலோ, தாழ்ப்பாள் உடைந்திருந்தாலோ, கதவு திறந்த நிலையில் அடுப்பு இயங்கினாலோ, உடனே நிறுத்திப் பயிற்சி பெற்றவரிடம் காட்ட வேண்டும். எலி கடித்த மின் கம்பியைச் சுற்றி ஒட்டிச் சமாளிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

தீவனத்தின் ஈரப்பதம் அறிய

கறவை மாடு வைத்து, மக்காச்சோளத் தீவனத்தை ஊறுகாய்ப் புல்லாகப் பதப்படுத்தும் உழவர்களுக்கு இந்த அடுப்பு இன்னொரு வகையிலும் உதவும். பதப்படுத்தும்போது தீவனத்தில் 65 முதல் 70 சதவீதம் ஈரம் இருத்தல் நன்று. ஈரம் மிகுந்தால் சாறு வடிந்து கெட்ட வாடை வீசும். குறைந்தால் அழுத்த இயலாமல் காற்று தங்கிப் பூசணம் பிடிக்கும்.

நறுக்கிய தீவனத்தைப் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து, 100 கிராம் நிறுத்து, ஒரு பீங்கான் தட்டில் மெல்லப் பரப்புங்கள். மூலையில் ஒரு கோப்பைத் தண்ணீர் வையுங்கள். இது தீவனம் கருகாமல் காக்கும். நான்கு நிமிடம் சூடாக்கி நிறுங்கள். பிறகு கிளறிவிட்டு இரண்டு நிமிடம், ஒரு நிமிடம், அரை நிமிடம் என்று சூடாக்கி, ஒவ்வொரு முறையும் நிறுங்கள். தண்ணீர் கொதிக்கத் தொடங்கினால் மாற்றுங்கள். எடை மேலும் குறையாத நிலையில் நிறுத்திவிடுங்கள். அருகிலேயே நின்று கவனிக்க வேண்டும். கருகினால் அச்சோதனை பயன்படாது.

எடுத்துக்காட்டாக, இறுதி எடை 32 கிராம் என்றால், குறைந்த 68 கிராமும் ஈரமே. அதாவது ஈரப்பதம் 68 சதவீதம். உடனே அறுவடை செய்து பதப்படுத்தலாம். இறுதி எடை 22 கிராம் என்றால் ஈரப்பதம் 78 சதவீதம். பயிர் சற்று முற்றும்வரை பொறுத்திருக்க வேண்டும். அல்லது அறுத்தபின் வாடவிட வேண்டும்.

இவ்வேலைக்குச் சமையலறை அடுப்பைப் பயன்படுத்தாமல், கழித்துவிட்ட பழைய, ஆனால் பழுதில்லாத அடுப்பு ஒன்றை ஒதுக்குவதே முறை. தட்டையும் தனியாக வைத்துக்கொள்க. பூச்சிமருந்து தெளித்த தீவனத்தையோ மருந்து கலந்த விதையையோ எந்த அடுப்பிலும் வைக்கலாகாது. நச்சு ஆவி கிளம்பும்.

மழைக்காலத்தில் விதை நெல்லை இதில் உலர்த்தினால் என்ன என்று சில உழவர்கள் கேட்கின்றனர். கூடவே கூடாது. விதையின் உள்ளிருக்கும் ஈரம் சட்டென்று சூடாகி முளைக்கரு இறந்துவிடும். பார்வைக்கு நல்ல விதையாகவே தோன்றும். நாற்றங்காலில்தான் உண்மை தெரியும். பரிசோதனைக்கு அனுப்பும் மண்ணையும் நிழலில் உலர்த்துவதே சரி.

சில ஐயங்களும் விளக்கங்களும்

நுண்ணலையில் சமைத்த உணவில் கதிரியக்கம் இருக்குமா? இராது. அலை நின்றவுடன் சூடேற்றும் செயலும் நின்றுவிடும். உணவில் எதுவும் தங்குவதில்லை.

அடுப்பின் அருகில் நிற்கலாமா? கதவின் கண்ணாடியில் சிறு துளைகளுள்ள உலோக வலை இருக்கிறது. நுண்ணலையின் அலைநீளம் சுமார் 12 செ.மீ. ஆதலால் அத்துளைகள் வழியே அது வெளிவர இயலாது. கதவும் வலையும் பழுதின்றி இருக்கும்வரை அச்சம் வேண்டா.

சத்துகள் அழிந்துவிடுமா? எந்த முறையில் சமைத்தாலும் சிறிது சத்து குறையும். குறைந்த நீரில் குறைந்த நேரத்தில் வேகவைப்பதால் இதில் காய்கறிச் சத்து பெருமளவு காக்கப்படுகிறது.

மின் செலவு எவ்வளவு? 1200 வாட் எடுக்கும் அடுப்பு ஐந்து நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு செலவாகும். குழம்பைச் சூடாக்க இது சிக்கனமே. ஒரு குடும்பத்துக்கான சோறு வடிக்கவோ பருப்பு வேகவைக்கவோ எரிவாயு அடுப்பும் பிரஷர் குக்கருமே ஏற்றவை.

புதிய கருவி ஒன்று வீட்டிற்கு வரும்போது, அதை வாங்குவோர் ஒருவராகவும் நாள்தோறும் கையாள்வோர் இன்னொருவராகவும் இருப்பது நம் குடும்பங்களில் வழக்கம். ஆகவே உழவர் பெருமக்கள் இக்கட்டுரையைத் தாம் படிப்பதோடு நில்லாமல், இல்லத்திலுள்ள தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். மரக் கரண்டி ஒன்றை அடுப்பின் அருகிலேயே வைத்துவிடுங்கள். என் தாயார் இப்போது அவ்வாறே செய்கிறார்.